போக்சோ கேஸ்ல குழந்தைக்குத் துணையா போறது எப்படி? சேலம் வாசகர்களோட கேள்விகளும் பதில்களும்

போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்ல இருந்து பாதுகாக்கிற சட்டம், அந்தக் கேஸ்ல கோர்ட்டுக்கு வர்ற குழந்தைகளுக்குத் துணையா நிக்கிறது பத்தி சேலத்துல இருந்தும் ஏற்காடு மலை மேல இருந்தும் வந்த கேள்விகள்ல சிலதுக்கு இங்க பதில் சொல்றேன். யார் பேரும் போடல, கேஸ் விவரமா எழுதினவங்க கடிதத்துல அடையாளம் தெரியிற எல்லாத்தையும் எடுத்துட்டேன்.

நான் எம்.ஏ. படிச்சவ, அம்மாபேட்டைல வீட்லதான் இருக்கேன். சட்டம் தெரியாது. என்னால முடியுமா?

சட்டம் தெரியாதது தடையே இல்லீங்க. கேஸ் நடத்த அரசு வக்கீல் இருக்காரு, புள்ளைக்குன்னு தனி வக்கீல் வேணும்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமா குடுக்கும். இப்படித் துணையா போறவங்களைத்தான் விதிகள்ல "துணை நபர்"னு சொல்றாங்க. அவங்க வேலை, விசாரணை ஆரம்பிச்சதுல இருந்து தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்தப் புள்ளை கூடவே இருக்கிறது. 2020 போக்சோ விதிகள்படி துணை நபரை நியமிக்கிறது குழந்தைகள் நலக் குழு, அதுக்குக் குழந்தையும் பெத்தவங்களும் சம்மதிக்கணும். பேர் பட்டியல் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல இருக்கும், அங்கதான் போய் விசாரிக்கணும். ஆனா நேரா போய் பேர் குடுத்துட முடியாது, குழந்தைகள் பாதுகாப்புல வேலை செஞ்ச அனுபவம் பாப்பாங்க. அதனால முதல்ல ஒரு குழந்தைகள் அமைப்போட சேர்ந்து கொஞ்ச காலம் வேலை பாருங்க. நம்ம ஆர்வம் வேற, பயந்து போன புள்ளை பக்கத்துல பேசாம ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கிறது வேற.

அமெரிக்கால இருக்கிற எங்க அக்கா "காசா" வாலண்டியர். ஜட்ஜுக்கே ரிப்போர்ட் குடுக்குறாங்களாம். இங்கயும் அப்படியா?

அது 1977ல சியாட்டில்ல டேவிட் சூகப்ங்கிற நீதிபதி ஆரம்பிச்சது. பெத்தவங்க சரியா பாத்துக்காத, கொடுமைப்படுத்தின குழந்தைகளோட கேஸ்ல வாலண்டியர் எல்லாரையும் பாத்து பேசி, இந்தப் புள்ளைக்கு எது நல்லதுன்னு நீதிபதிகிட்ட சொல்லுவாங்க. இங்க அந்த அதிகாரம் நமக்குக் கிடையாது. துணை நபர் குழந்தையோட நிலைமை, வீட்டு நிலைமை பத்தி மாசாமாசம் குழந்தைகள் நலக் குழுவுக்கு ரிப்போர்ட் குடுக்கணும், அவ்ளோதான். கேஸ்ல தீர்ப்பு எப்படி வரணும்னு நாம சொல்றதில்ல. இன்னொண்ணு, புள்ளைக்கு நம்மள புடிக்கலைன்னா காரணமே சொல்லாம வேற ஆள் கேக்கலாம், அதுல மனசு வருத்தப்படக் கூடாது.

ரிட்டயர்டு டீச்சர். தெரிஞ்ச குடும்பத்துப் பொண்ணு அடுத்த மாசம் சாட்சி சொல்லணும், தேதி எல்லாம் மறக்குறா. நான் சொல்லிக்குடுத்து மனப்பாடம் பண்ண வெக்கலாமா?

வேண்டாம் டீச்சர், தயவுசெஞ்சு வேண்டாம். எனக்கு வந்ததுல ரொம்ப முக்கியமான கேள்வி இதுதான். எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல கேக்குறதே "உனக்கு யார் சொல்லிக்குடுத்தா?"ன்னுதான், புள்ளை உண்மையைத்தான் சொல்லும், "டீச்சர் சொல்லிக்குடுத்தாங்க"ன்னு சொல்லிடும், அதோட அது சொன்ன நிஜமான விஷயத்து மேலயும் சந்தேகம் விழுந்துடும். குழந்தைக்குத் தேதி மறக்கும், அது சகஜம், நீதிபதிக்கும் அது தெரியும். நடந்ததைப் பத்தி நீங்க கேள்வியே கேக்காதீங்க, அவளா சொன்னா காது குடுத்துக் கேளுங்க, நடுவுல திருத்தாதீங்க.

அப்ப நாம என்னதான் பண்றதுன்னா, நிறைய இருக்கு. முன்கூட்டியே அனுமதி வாங்கி அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போய் காட்டுங்க, நீதிபதி எங்க உக்காருவாங்க, பாத்ரூம் எங்க இருக்கு, வெளிய வர்ற வழி எதுன்னு. "தெரியல", "ஞாபகம் இல்ல", "கேள்வி புரியல"ன்னு சொல்றது தப்பே இல்லன்னு சொல்லுங்க, ஸ்கூல்ல பதில் தெரியலைன்னா திட்டு வாங்கிப் பழகின புள்ளைங்க இதைக் கேட்டதும் அப்படியே தோள் தளர்ந்து மூச்சு விடும், நான் பாத்திருக்கேன். சட்டத்துலயே இருக்கிறதையும் சொல்லிக்குடுங்க: வக்கீல் புள்ளைகிட்ட நேரடியா கேக்க முடியாது, கேள்வி நீதிபதி வழியாத்தான் வரணும், மிரட்டற மாதிரி கேக்கக் கூடாது, நடுவுல பிரேக் கேக்கலாம், குற்றம் சாட்டப்பட்டவரைப் புள்ளை பாக்காத மாதிரி திரையோ வீடியோவோ வெக்கணும், உள்ள வெளியாட்கள் இருக்க மாட்டாங்க.

கஷ்டம் எல்லாம் உள்ள இல்லீங்க, வெளிய வராண்டாலதான். காலைல பத்து மணிக்கு வரச் சொல்லுவாங்க, கேஸ் எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாது, எதிராளியோட சொந்தக்காரங்க அதே படிக்கட்டுல நின்னு முறைச்சிட்டிருப்பாங்க. முன்னாடியே அரசு வக்கீல்கிட்டயும் கோர்ட் ஸ்டாஃப்கிட்டயும் பேசி தனியா உக்கார இடம் கேளுங்க. புள்ளைக்குப் புடிச்ச டிபன், தண்ணி, கலர் பென்சில் எடுத்துட்டுப் போங்க. வாய்தா ஆயிடுச்சுன்னா அதை நீங்களே புள்ளைகிட்ட சொல்லுங்க, "உன் தப்பு இல்ல"ன்னு சேர்த்து சொல்லுங்க, ஏன்னா பாதி புள்ளைங்க தன்னாலதான் தள்ளிப் போச்சுன்னு நினைச்சுக்கும்.

ஏற்காட்டுல எஸ்டேட் லைன்ல இருக்கோம். பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு ஏதோ நடக்குதுன்னு சந்தேகம். புகார் குடுத்தா இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி சம்பளமும் போயிடும்னு அவங்க அம்மா பயப்படுறாங்க.

இன்னைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணுங்க. சந்தேகம் இருந்தாலே சொல்லணும்னு சட்டம், நல்லெண்ணத்துல சொன்னவங்க மேல கேஸ் போட முடியாது. புள்ளை ஸ்டேஷனுக்கு வரணும்னு அவசியமே இல்ல, வீட்லயோ அது சொல்ற இடத்துலயோதான் வாக்குமூலம் வாங்கணும், முடிஞ்ச வரைக்கும் பெண் எஸ்.ஐ., யூனிஃபார்ம் இல்லாம. சாப்பாடு, துணிமணி, போக்குவரத்துக்கு உடனடி உதவித்தொகை தரச் சொல்லி குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம், ஒரு வாரத்துக்குள்ள தரணும்னு விதி இருக்கு. இது அப்புறம் கோர்ட் தர்ற இழப்பீட்டுல சேராது, தனி. இதைக் கேட்டு வாங்கிக் குடுக்கிறதும் துணை நபரோட வேலைதான். நிறைய குடும்பம் கேஸை விட்டுடறதுக்குக் காரணம் பயம் மட்டும் இல்ல, பஸ் செலவும் ஒரு நாள் கூலியும்தான்.

ஊர் பெரியவங்க பேசி முடிச்சிடலாம்னு புள்ளையோட அப்பாவை நெருக்குறாங்க. துணை நபர் நடுவுல போகலாமா?

பஞ்சாயத்துல போய் உக்காராதீங்க, சண்டையும் போடாதீங்க. யார் எப்ப வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு எழுதி வெச்சு உடனே குழந்தைகள் நலக் குழுவுக்கும் அரசு வக்கீலுக்கும் தெரியப்படுத்துங்க. ரெண்டு குடும்பமும் சமாதானம் ஆயிட்டாங்கன்னு கேஸை ரத்து பண்ண முடியாதுன்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அப்பாகிட்ட பொறுமையா பேசுங்க, கடன், பொண்ணு கல்யாணம்னு அவருக்கு ஆயிரம் கவலை இருக்கும், அதைக் கேக்காம சட்டம் மட்டும் சொன்னா எடுபடாது.

செய்யிற வேலையைப் பத்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடலாமா, பேர் இல்லாமதான்?

கூடாது. ஸ்கூல், தெரு, சொந்தக்காரங்க எதை வெச்சும் புள்ளையைக் கண்டுபிடிக்கிற மாதிரி வெளியிடறது குற்றம், நம்ம ஊர்ல தெரு பேர் போதும் ஆளைக் கண்டுபிடிக்க.

ஐடில இருக்கேன், சனி ஞாயிறு மட்டும் ஃப்ரீ. முடியுமா?

இதுக்கு சரிப்படாதுங்க, கோர்ட் வார நாள்லதான். ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு சட்டம் சொன்னாலும் இழுத்துட்டுப் போகும், பாதில விட்டா அந்தப் புள்ளைக்கு இன்னொரு பெரிய மனுஷனும் ஏமாத்தின மாதிரி ஆயிடும். லீவ் நாள்ல காப்பகத்துப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுங்க, அதுக்கும் ஆள் தேவை இருக்கு, அனுமதி மட்டும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல வாங்கிக்கோங்க.