இரண்டு மூலைக்கும் ஓட விடும் எதிராளி: டேபிள் டென்னிஸ் கேள்வி-பதில்

கேள்வி: என்னோடு ஆடுபவர் வேகமாக அடிப்பதே இல்லை. பிளாக் செய்தே, அதாவது மட்டையை வீசாமல் வரும் பந்துக்குக் காட்டித் திருப்பியே, இடமும் வலமும் ஓட விடுகிறார். நாலாவது பந்துக்குள் நான் தடுமாறிவிடுகிறேன். ஓட்டப் பயிற்சி எடுக்கட்டுமா?

பதில்: எடுங்கள், நல்லதுதான். ஆனால் அதற்கு முன் உங்கள் பந்து எங்கே விழுகிறது என்று பாருங்கள். டேபிளின் அகலமே 1.525 மீட்டர்தான். அதற்குள் ஒருவர் உங்களை ஓட விடுகிறார் என்றால், பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போகும் கோணம் அவருக்குக் கிடைக்கிறது. பெரும்பாலும் அதைக் கொடுப்பது நீங்கள்தான். அவருடைய ஃபோர்ஹேண்ட் (மட்டை பிடித்த கைப் பக்கம்) மூலைக்கு விரித்து அடித்தால், அங்கிருந்து உங்கள் ஃபோர்ஹேண்ட் பக்கம் அதைவிட விரித்து அவரால் அனுப்ப முடியும்.

அவர் மட்டை பிடித்த கையின் முழங்கையைக் குறிவைத்து ஆழமாகப் போடுங்கள். ஃபோர்ஹேண்டா, பேக்ஹேண்டா (மறுபக்க அடி) என்று அவர் யோசிக்க வேண்டிவரும். நடுவிலிருந்து பெரிய கோணமும் எடுக்க முடியாது. பிளாக் ஆட்டக்காரர்களுக்கு இதைவிடத் தொல்லையான இடம் கிடையாது.

இன்னொன்று: வலது மூலைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் நேர்கோட்டில் அடிக்காதீர்கள். நேர்கோட்டில் டேபிளின் நீளம் 2.74 மீட்டர், மூலைக்கு மூலை ஏறக்குறைய 3.14. நேராக அடித்த பந்து சீக்கிரம் போய்ச் சேரும், அவர் அதைக் குறுக்கே உங்கள் இடது மூலைக்குத் திருப்பிவிடுவார். குறுக்கே அடியுங்கள், இல்லையென்றால் நடுவில் போடுங்கள்.

கேள்வி: ஒவ்வோர் அடிக்குப் பிறகும் நடுவுக்குத் திரும்பு என்கிறார் கோச். திரும்பியும் தாமதமாகிறதே?

பதில்: டேபிளின் நடுவைவிட, எதிராளியால் அனுப்பக்கூடிய இரண்டு எல்லைகளின் நடுவே முக்கியம். நீங்கள் இருவரும் வலது கை என்று வைத்துக்கொள்வோம். அவர் ஃபோர்ஹேண்ட் மூலைக்குப் பந்து போனால் அந்த நடு சற்று வலப்பக்கம் தள்ளி வரும். பேக்ஹேண்ட் மூலைக்குப் போனால் இடப்பக்கம். பின்னால் போய்விடாமலும் இருங்கள். டேபிளை விட்டு விலக விலகக் கோணம் விரிந்து, ஓட வேண்டிய தூரம் கூடும்.

கேள்வி: கால்களைக் குறுக்கே வைக்கலாமா?

பதில்: எட்டாத ஃபோர்ஹேண்ட் பந்துக்கு மட்டும். மற்றதற்கெல்லாம் பக்கவாட்டில் கால் எடுத்து வைத்தாலே போதும். அவர் மட்டை பந்தைத் தொடும் நேரத்தில் சின்னதாக ஒரு துள்ளல் இருக்கட்டும். குதிகால் ஊன்றி நின்றால் எந்த ஃபுட்வொர்க்கும் வராது.

கேள்வி: பேக்ஹேண்ட் மூலைக்கு வரும் பந்தை, அதன் இடப்பக்கமாகச் சுற்றி வந்து ஃபோர்ஹேண்டில் அடிக்கிறேன். அடுத்த பந்து காலியான வலப்பக்கம் போய்விடுகிறது.

பதில்: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தென் கொரியாவின் ரியூ சியூங்-மின் இப்படிச் சுற்றிச் சுற்றி அடித்தே தங்கம் வென்றார். அவருடைய கால்கள் அப்படி! நாம் செய்ய வேண்டியது இரண்டு. எல்லாப் பந்துக்கும் சுற்றாமல், மெதுவாகவோ உயரமாகவோ வரும் பந்துக்கு மட்டும் சுற்றுங்கள். அடித்து முடிக்கும்போது எடை இடது காலில் தங்கி, அதே காலை உந்தி வலப்பக்கம் திரும்ப வேண்டும். உடம்பு இடப்பக்கம் சாய்ந்துவிட்டால் மீள முடியாது.

இதற்கென்றே ஃபால்கன்பெர்க் பயிற்சி இருக்கிறது. பேக்ஹேண்ட் மூலையில் ஒரு பேக்ஹேண்ட், அதே இடத்தில் சுற்றி ஒரு ஃபோர்ஹேண்ட், பிறகு வலது மூலைக்கு ஓடி ஒரு ஃபோர்ஹேண்ட். முதலில் மெதுவாக, இடைவிடாமல் செய்யுங்கள். காலின் வரிசை பழகாமல் வேகம் கூட்டினால் தவறான காலடிகள்தான் பழகும்.

கேள்வி: வயது 58. முழங்கால் வலி இருக்கிறது. இளைஞர்கள் ஓட விட்டே ஜெயிக்கிறார்கள்.

பதில்: அவர்களோடு வேகத்தில் போட்டி போடாதீர்கள். நீங்கள் வேகமாக அனுப்பினால் பந்தும் வேகமாகத் திரும்பும், கால் எடுத்து வைக்க நேரம் இருக்காது. சுழற்சி அதிகம், வேகம் குறைவு, ஆழம், நடு: இப்படி ஒரு டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழலும் பந்து) போட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். சர்வீஸையும் நடுவிலேயே, வலைக்கு அருகில் குட்டையாகப் போடுங்கள். ஆட்டத்துக்கு முன் நன்றாக வார்ம்-அப் செய்யுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டாமல் ஆட வேண்டாம்.