பிள்ளையை என்னிடம் கொடு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் கடலூர் முதுநகரில் இருக்கிறேன். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை. மூத்தவளுக்கு ஐந்து வயது. இளையவன் பிறந்து மூன்று மாதம் ஆகிறது. போன மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மூத்தவள் என் கையை உதறிவிட்டு அலையை நோக்கி ஓடினாள். பிடித்து இழுத்து முதுகில் ஓங்கி அறைந்துவிட்டேன். அன்றிலிருந்து, ஆணியில் மாட்டிய சட்டையை எடுக்க நான் கையைத் தூக்கினாலும் தோளைக் குறுக்கிக்கொண்டு தலை குனிகிறாள்.

அவள் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எலிசபெத் கெர்ஷாஃப் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரைப் பற்றிச் சொன்னார்கள். அடி வாங்கும் குழந்தைகள் சொல்பேச்சுக் கேட்பதில்லை, இன்னும் முரடாகிறார்கள் என்று அவர் கண்டிருக்கிறாராம். அதெல்லாம் அமெரிக்கப் பிள்ளைகளுக்குத்தானே? என் அப்பா என்னைப் பெல்ட்டால் அடித்துத்தான் வளர்த்தார். நான் கெட்டுப்போகவில்லை. இப்போது என் மனைவியும் மூத்தவளை அடிக்கத் தொடங்கியிருக்கிறாள். அன்பினால்தான் அடிக்கிறோம் என்றாலும் மனது கேட்கவில்லை. அவளுக்குப் புத்தி சொல்வது போல நீங்கள் ஏதாவது எழுத வேண்டும். அடிக்காமல் பிள்ளை வளர்க்கத் தமிழில் நல்ல புத்தகம் எது என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பிக்கு,

சட்டை ஆணியைப் பற்றிய அந்த வரியில் நின்றுவிட்டேன். மீதிக் கடிதத்தை மறுநாள்தான் படித்தேன். குழந்தையின் தோள் குறுகுவது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது, அதை மறைக்காமல் எழுதியும் இருக்கிறீர்கள். பல தகப்பன்மார் அதைப் பார்ப்பதே இல்லை. அதற்காகவே இந்தப் பதில். சில வாரங்களாக நான் ஒரு நர்ஸம்மாவை நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டு நிலவரத்தைப் படித்ததும் அவர் இன்னும் அருகில் வந்துவிட்டார்.

அமெரிக்கப் பிள்ளைகளுக்குத்தானே என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கெர்ஷாஃப் 2016-ல் ஆண்ட்ரூ க்ரோகன்-கேலருடன் சேர்ந்து, ஐம்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்கள் கணக்கில் எடுத்தது பெல்ட்டையோ பிரம்பையோ அல்ல, வெறும் கையால் அடிக்கும் அடியை. அந்தச் சிறிய அடியும் கொடுமையான அடியும் ஒரே திசையில்தான் கொண்டுபோகின்றன, அளவில்தான் வேறுபாடு என்று கண்டார்கள். அதற்கு முன்பே, 2010-ல், சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் தாய்மாரையும் பிள்ளைகளையும் பற்றிய ஆய்வு ஒன்றிலும் அவர் பங்கெடுத்திருக்கிறார். அடித்த இடத்தில் பிள்ளைகளுக்கு முரட்டுத்தனமும் பதற்றமும் கூடியிருந்தன. எல்லோரும் அடிக்கும் ஊரில் அந்தத் தொடர்பு சற்றுக் குறைகிறது, ஆனால் மறைவதில்லை. நம் தாய்மாரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள், தம்பி.

கெட்டுப்போகவில்லை என்கிறீர்கள். பிள்ளை அலையை நோக்கி ஓடுகிறாள். உயிர் பதறுகிறது. பிடித்து இழுத்தாயிற்று, பிள்ளை பத்திரம். அப்போது உங்கள் கைக்கு முதலில் நினைவுக்கு வந்தது அறை. வாரி அணைக்க அதற்கு ஏன் தெரியவில்லை? அதை அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் யோசித்துவிட்டு, உங்கள் அப்பாவின் பெல்ட்டைப் பற்றி மறுபடி எனக்கு எழுதுங்கள். அன்பினால் அடிக்கிறோம் என்ற வார்த்தையை மட்டும் இனி எழுதாதீர்கள். நீங்கள் பயத்தினால் அடித்தீர்கள். உங்கள் மனைவி களைப்பினால் அடிக்கிறாள். இரண்டுக்கும் அதனதன் பெயரைச் சொல்லிவிட்டால் ஏதாவது செய்ய முடியும்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. ‘அவளுக்குப் புத்தி சொல்வது போல’ என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதக் கைக்குழந்தை. ஒரு பக்கம் ஐந்து வயதுப் பிள்ளை. வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் ராத்திரி வேலை. அவள் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவளிடம் கேட்டுப் பார்த்தீர்களா? அவளுக்கு இல்லாதது புத்தி என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

டேவிட் ஓல்ட்ஸ் என்று ஓர் உளவியலாளர். இளம் வயதில் பால்டிமோர் நகரத்துக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தார். தன்னிடம் வரும்போதே பல பிள்ளைகளுக்குக் காலம் கடந்துவிட்டது என்பது அவருக்கு உறைத்தது. இன்னும் முன்னால் போக வேண்டும், பிள்ளை பிறப்பதற்கும் முன்னால், என்று நினைத்தார். 1970-களின் கடைசியில் நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற ஏழ்மையான சிற்றூர்ப் பகுதியில், முதல் பிள்ளையைச் சுமந்திருந்த 400 பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குக் கர்ப்பகாலம் முதல் பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரை ஒரு நர்ஸ் போய் வந்தார். பெரும்பாலும் அதே நர்ஸ். போய் உட்கார்ந்து பேசினார், கேட்டார், பிள்ளை ஏன் அழுகிறது என்று தாயோடு சேர்ந்து பார்த்தார். பதினைந்து ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, நர்ஸ் போன வீடுகளில் உறுதிசெய்யப்பட்ட குழந்தை வதையும் புறக்கணிப்பும் மற்ற வீடுகளில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான்.

பிறகு 2000-ல் அதே குடும்பங்களைப் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. வீட்டில் தாய் அடிக்கடி அடி வாங்குகிறாள் என்றால், நர்ஸ் வந்ததன் பலன் அங்கே இல்லாமல் போய்விடுகிறது. உங்கள் வீட்டில் அப்படி என்று நான் சொல்லவில்லை. இதைப் படிக்கிற மற்ற ஆண்களுக்காக எழுதுகிறேன்.

பிரிட்டனில் இதே திட்டத்தைச் செய்து பார்த்து 2016-ல் முடிவு வெளியிட்டார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. அதைச் சொல்லி இந்தத் திட்டத்தை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த நாட்டில் பிள்ளை பெற்ற எல்லா வீட்டுக்கும் அரசாங்கத்தின் ஹெல்த் விசிட்டர் ஏற்கெனவே போகிறார். கதவைத் தட்ட ஏற்கெனவே ஆள் இருக்கும் ஊரில் இன்னொருவர் வந்து தட்டினால் பெரிய மாற்றம் தெரியாது. யாருமே தட்டாத கதவுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இனி நர்ஸம்மா.

எங்கள் ஊர் பண்ருட்டியை அடுத்த முந்திரிக்காட்டுப் பக்கம். 1974. எனக்கு எட்டு வயது, தம்பி கைக்குழந்தை. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாள். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்தக் கையால்தான் பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், சோறாக்குவாள், என்னை அடிப்பாள். ஒருநாள் அடுப்பில் கஞ்சியைத் தீயவிட்டுவிட்டேன். விறகை உருவி முதுகில் இரண்டு போட்டாள். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது வாசலில் துணைச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார். தோளில் பை, கையில் குடை.

ஏன் அடிக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வீறிட்டுக்கொண்டிருந்த தம்பியைத் தூளியிலிருந்து எடுத்தார். “பிள்ளையை என்னிடம் கொடு, நீ போய்ப் படு” என்றார். பிள்ளையை எடுத்த பிறகுதான் அதைச் சொன்னார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா விறகோடு நின்றாள். பிறகு திண்ணைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். விளக்கு வைக்கும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை. நர்ஸம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, என் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, எத்தனையாவது படிக்கிறாய் என்று கேட்டார். மற்ற வீடுகளுக்கு அன்று அவர் போகவே இல்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறையாவது வந்தார். அம்மா திருந்திவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடித்தாள், அதன் பிறகும் அடித்தாள். விறகை மட்டும் எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து நர்ஸம்மாவுக்கு மாற்றலாயிற்று. அடுத்து வந்தவர் எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. அந்த மழைக்காலத்திலேயே விறகு திரும்பி வந்துவிட்டது. அம்மா அவள்தான், பிள்ளைகளும் நாங்கள்தான். வந்து உட்கார்ந்து போய்க்கொண்டிருந்த ஒருத்தி இல்லை, அவ்வளவுதான் மாறியிருந்தது. ஐம்பது வருடமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துப்போன பிறகு ஊருக்குப் போனேன். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. விழுந்த மரங்களுக்குக் கணக்கெடுத்தார்கள், கூரைகளுக்குக் கணக்கெடுத்தார்கள். எடுக்க வேண்டியதுதான். மரம் போனதால் வேலை போய், எந்நேரமும் வீட்டிலேயே இருந்த பெரியவர்களின் நடுவில் பிள்ளைகள் எப்படி இருக்கின்றன என்று கேட்க ஒருவரும் வரவில்லை. நம் மாநிலத்தில் ஆள் இல்லாமல் இல்லை. கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார், 1975-லிருந்து அங்கன்வாடித் திட்டம் இருக்கிறது. பிள்ளையின் எடையைப் போடுகிறார்கள், தடுப்பூசித் தேதியைக் குறித்துக்கொடுக்கிறார்கள். நிரப்ப வேண்டிய பதிவேடுகள் தலைக்கு மேல் இருக்கின்றன அவர்களுக்கு. தாயிடம் ‘தூங்கினாயா?’ என்று கேட்க எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. அந்த ஒரு கேள்விக்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடித்த பிறகு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது, மூவரில் இருவர் அடி உதை பட்டவர்கள். வீட்டுக்குள் அடிபட்டவர்களில் 100-க்கு 88 பேரைப் பெற்றவர்களே அடித்திருக்கிறார்கள். இத்தனை பெற்றோருக்கும் புத்தியா இல்லை?

உங்கள் வீட்டுக்கு நர்ஸம்மா வரமாட்டார். பக்கத்தில் உங்கள் அம்மாவோ அவள் அம்மாவோ இருந்தால் ஒரு மாதத்துக்கு வரச் சொல்லுங்கள். ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லிக்கொண்டு வருகிற பாட்டியானால் வேண்டாம். பகல் ஷிஃப்டு வாரத்தில், வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் இளையவனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தரட்டுமா என்று அவள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். பிள்ளை அழுதாலும் எழுப்பாதீர்கள். பசிக்கு அழுதால் மட்டும் எழுப்பலாம்.

மூத்தவளிடம், அன்று அடித்தது தப்பு, நான் பயந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு அது புரியும். சட்டை ஆணியைக் கொஞ்ச நாளைக்கு வேறு சுவரில் அடித்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு மறுபடி அழைத்துப் போங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் கேளுங்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். முதலில் அவள் தூங்கட்டும்.

அன்புடன்,
அக்கா