கேள்வி-பதில்: காலையில் 100, மத்தியானம் 15

தீபாவளிக்குப் போன் வாங்கியவர்களின் கடிதங்கள் இப்போதுதான் வந்து சேர்கின்றன. பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: சார்ஜ் நிற்கவில்லை. ஒன்றையே சொன்ன கடிதங்களை ஒதுக்கிவிட்டு, நீளமானவற்றை நறுக்கிப் போட்டிருக்கிறேன். கடைகள், கம்பெனிகளின் பெயரை நீக்கியது நான்தான்.

கேள்வி: 5000 எம்ஏஎச் பேட்டரி, ரெண்டு நாள் நிற்கும் என்று சொல்லி விற்றார்கள். வாங்கி மூன்று நாள் ஆகிறது. காலை 7 மணிக்கு 100 சதவீதம், மத்தியானம் 2 மணிக்கு 15. கடைக்குப் போய்ச் சண்டை போடலாமா?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். சண்டை எங்கும் ஓடிப்போகாது. பழைய போனில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றியிருப்பீர்கள். வீடு மாறிய வாரம் எப்படி இருக்கும்? சாமான் இறக்கி அடுக்கவே பொழுது போய்விடும். போனுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. ஆப்கள் வரிசையாக அப்டேட் ஆகின்றன, ஆயிரக்கணக்கில் படங்கள் இறங்குகின்றன, எந்தப் படத்தில் யார் முகம் என்று உள்ளுக்குள் பிரித்து வைக்கும் வேலையும் ஓடுகிறது. நீங்கள் எதை அடிக்கடி திறக்கிறீர்கள் என்று கவனித்து மற்ற ஆப்களை அடக்கி வைக்கும் வசதி 2018-ல் ஆண்ட்ராய்டு 9-உடன் வந்தது. அது உங்கள் பழக்கத்தைத் தெரிந்துகொள்ளவும் சில நாள் பிடிக்கும். போதாக்குறைக்கு, புதுப் போனைக் கீழே வைக்க யாருக்கு மனசு வரும்?

அப்புறமும் இதே கதை என்றால், செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறங்கள். எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று பட்டியல் இருக்கும். நீங்கள் தொடவே தொடாத ஒன்று மேலே உட்கார்ந்திருந்தால், அதைப் பின்னணியில் ஓடவிடாமல் தடுங்கள். தேவையில்லை என்றால் தூக்கிவிடுங்கள். பட்டியலில் ஒன்றும் தப்பில்லை, மேஜை மேல் சும்மா கிடக்கும்போதே மளமளவென்று இறங்குகிறது என்றால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால், மாற்றித் தருவதற்கான கெடு எத்தனை நாள் என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். பல இடங்களில் 7 நாள்தான். பொறுமை அந்தக் கெடுவைத் தாண்டக் கூடாது.

கேள்வி: முதல் தடவை 8 மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகுதான் ஆன் செய்ய வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். நான் அவசரத்தில் 2 மணி நேரம்தான் போட்டேன். பேட்டரி கெட்டிருக்குமா?
– தர்மபுரி வாசகி

பதில்: கெடவில்லை. அது நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்போது போனில் இருப்பது லித்தியம். கடைக்காரருக்கு அவருடைய பழைய முதலாளி சொல்லிக்கொடுத்திருப்பார்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகன் டார்க் மோட் போடு, 5ஜி-யை நிறுத்து, புளூடூத்தை அணை, லொக்கேஷனை அணை என்று தினமும் ஒன்று சொல்கிறான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் அப்புறம் போன் எதற்கு? எது உண்மையிலேயே உதவும்?
– கும்பகோணம், ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: நியாயமான கேள்வி ஐயா. பெரும்பாலும் கரண்டைக் குடிப்பது இரண்டு விஷயங்கள்: திரையும் சிக்னலும்.

திரையில் பிரைட்னஸைத் தானாகக் கூடிக் குறையும்படி விடுங்கள். தொடாமல் இருந்தால் 30 விநாடியில் அணையும்படி வையுங்கள். புதுப் போன்களில் திரை விநாடிக்கு 120 தடவை புதுப்பிக்கப்படும். அதை 60-க்கு இறக்கலாம். நான் என் போனை வாங்கும்போது இந்த 120-க்காகவே 4,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். நான் போனில் பார்ப்பது பேப்பரும் வாட்ஸ்அப்பும். ஒரு மாதம் கழித்து என் மகள் பார்த்துவிட்டு, "என்னப்பா, 60-லேயே வச்சிருக்க?" என்றாள். வாங்கிய நாளிலிருந்தே அது 60-ல்தான் இருந்திருக்கிறது. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

டார்க் மோட் உங்கள் திரை அமோலெட் வகையாக இருந்தால்தான் பலன் தரும். அதில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே விடும். எல்சிடி திரையில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அமோலெட்டிலும் மகன் நினைக்கிற அளவு கிடைக்காது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021-ல் அளந்து பார்த்ததில், பிரைட்னஸ் முழுசாக இருக்கும்போது 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சமானது. நாம் வீட்டுக்குள் வைக்கிற மாதிரி 30, 50 என்று இருந்தால் வெறும் 3 முதல் 9 சதவீதம். ஆக, வெயிலில் நின்று போன் பார்க்கிறவருக்கு லாபம், திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குக் கண் உறுத்தாது, அவ்வளவே.

சிக்னல் இன்னும் முக்கியம். டவர் தூரத்தில் இருந்தால் போன் சத்தம் போட்டுப் பேச வேண்டியிருக்கிறது. அதற்குச் சக்தி செலவு. 5ஜி வந்து வந்து போகிற தெருவில் போன் 5ஜி-க்கும் 4ஜி-க்கும் இடையே அல்லாடிக்கொண்டே இருக்கும். அங்கே 4ஜி-யில் நிறுத்துங்கள், மகன் சொன்னது சரி. வீட்டில் வைஃபை இருந்தால் அதில் இருங்கள். ரயிலில் தூங்கும்போது ஏரோபிளேன் மோட் போடுங்கள். புளூடூத் தின்பது கொசுறு. லொக்கேஷனை மொத்தமாக அணைக்காமல், ஆப்பைத் திறந்திருக்கும்போது மட்டும் அனுமதி என்று மாற்றினால் போதும்.

கேள்வி: சார்ஜ் மிச்சம் பிடிக்க, திறந்த ஆப்களை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே தள்ளி மூடிவிடுகிறேன். இருந்தும் குறைகிறதே?
– ஈரோடு வாசகர்

பதில்: அதனாலும்தான் குறைகிறது. மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து எழுப்பத்தான் அதிக வேலை. விரலுக்கு ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: பேட்டரியைக் காப்பாற்றும் ஆப் என்று ஒன்றைப் போட்டேன். அதுவே நாள் முழுக்க விளம்பரம் காட்டுகிறது. காசு கட்டினால் விளம்பரம் வராதாம். கட்டலாமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: கட்ட வேண்டாம். அழியுங்கள்.

கேள்வி: 10000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். என் போன் பேட்டரி 5000. கணக்குப்படி ரெண்டு தடவை நிரம்ப வேண்டும். ஒன்றரைத் தடவைதான் வருகிறது. ஏமாந்துவிட்டேனா?
– திருச்சி, கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, உங்களுக்கு வந்தது நல்ல பவர் பேங்க். ஏமாற்றியது அந்த எண்தான். இதைப் பற்றி எழுத எனக்கு எப்போது வாய்ப்பு வரும் என்று காத்திருந்தேன்.

அடுக்குமாடி வீடு விற்பவர் 'சூப்பர் பில்டப் ஏரியா' என்று ஒரு சதுர அடிக் கணக்குச் சொல்வார். அதில் மாடிப்படி, லிஃப்ட், வாசல் எல்லாம் சேர்த்தி. நாம் பாய் விரித்துப் படுக்கிற இடம் அதைவிடக் குறைவு. 10000 எம்ஏஎச் என்பதும் அந்த மாதிரிக் கணக்குதான். அது உள்ளே இருக்கும் செல்லின் அளவு, 3.7 வோல்ட்டில் சொன்னது. வெளியே வருவதோ 5 வோல்ட் அல்லது அதற்கு மேல். ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் சூடாகவும் வீணாகும். பெட்டியின் பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் 6000-ஐ ஒட்டி இருக்கும். நீங்கள் வாங்கியது அதைத்தான். முன்பக்கம் கட்டை விரல் பருமனில் அச்சடிப்பது செல்லின் கணக்கை.

யோக்கியமான அளவு வாட் மணி, அதாவது உள்ளே மொத்தம் எவ்வளவு சக்தி இருக்கிறது என்ற கணக்கு. 10000 எம்ஏஎச்சை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட் மணி. உங்கள் போன் பேட்டரி சுமார் 19. சேதாரம் கழித்துப் பார்த்தால் உங்கள் ஒன்றரை வந்துவிடும். விமானக் கம்பெனிகள் எம்ஏஎச்சைக் கேட்பதில்லை, தனி அனுமதி இல்லாமல் 100 வாட் மணி வரைதான், அதுவும் கையில் எடுத்துப் போகிற பையில்தான் என்கின்றன. விமானத்தில் ஏறும்போது செல்லுபடியாகிற அளவு கடையில் மட்டும் ஏன் ஒளிய வேண்டும்? போனிலும் இதே கூத்துதான். 5000, 6000, 7000 என்று எண் ஏறுகிறதே தவிர, எத்தனை மணி நேரம் ஓடும் என்று பெட்டியில் ஒரு வார்த்தை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், முழு சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடும், எத்தனை முறை சார்ஜ் ஏற்றும்வரை தாக்குப் பிடிக்கும் என்று லேபிளில் போட்டுத்தான் விற்க வேண்டும். 800 முறை ஏற்றிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்றும் விதி. அதே கம்பெனிகள், அதே போன்கள். அங்கே போட முடிந்தது இங்கே முடியாதா?

என் கதையையும் கேளுங்கள். ஒரு பொருட்காட்சியில் 20000 எம்ஏஎச் என்று 600 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். தேங்காய் வாங்குவது மாதிரி கையில் தூக்கிப் பார்த்து, நல்ல கனம், நல்ல சரக்கு என்று முடிவு செய்தேன். போன் அரைவாசிகூட ஏறவில்லை. திறந்து பார்த்தால் ஒற்றைச் செல், பக்கத்தில் கனத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. அந்த இரும்பு இப்போதும் என் மேஜையில் பேப்பர் பறக்காமல் காக்கிறது.

கேள்வி: ராத்திரி முழுக்க சார்ஜில் விட்டால் பேட்டரி போய்விடுமா? 80-லேயே எடுத்துவிட வேண்டும் என்கிறார்களே?
– சேலம் வாசகி

பதில்: 100 ஆனதும் போன் தானே நிறுத்திக்கொள்ளும், வெடிக்காது. ஆனால் முழுசாக நிரம்பிச் சூடாகவே கிடப்பது லித்தியத்துக்கு ஆகாது, ஆயுள் மெதுவாகக் குறையும். அதனால்தான் பல போன்களில் 80-ல் நிறுத்தும் வசதி, விடியும் நேரத்தில் மிச்சத்தை ஏற்றும் வசதி எல்லாம் வந்திருக்கின்றன. இருந்தால் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். அதற்காக அலாரம் வைத்து எழுந்து பிளக்கைப் பிடுங்க வேண்டாம், தூக்கம் பேட்டரியைவிட விலை அதிகம். வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டு, தலையணைக்கு அடியில் சார்ஜ், கெட்டியான கவரோடு ஃபாஸ்ட் சார்ஜ், இந்த மூன்றையும் விட்டாலே பாதிக் கவலை தீரும். நம் ஊர் வெயிலே அதற்குப் போதுமான எதிரி.

கேள்வி: பெட்டியில் சார்ஜர் இல்லை. பஸ் ஸ்டாண்டில் 150 ரூபாய்க்கு '65 வாட்' சார்ஜர் வாங்கினேன். போன் சுடுகிறது, நாலு மணி நேரம் ஆனாலும் நிரம்பவில்லை, திரை தானாகக் குதிக்கிறது. போன் கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: போன் எவ்வளவு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், நறுக்கிவிட்டேன், 26,000. அதற்கு 150 ரூபாய்ச் சாப்பாடு. புகார் கொடுக்கலாம், போனைக் கேட்டால் அதுவே உங்கள் மேல் கொடுக்கும். 65 வாட் என்று எழுத மை மட்டும்தான் வேண்டும். இந்தியாவில் விற்கும் சார்ஜரிலும் பவர் பேங்கிலும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் யார் செய்தது என்று தெரிந்துவிடும். உங்களுடையதில் எண்ணே இருக்காது. முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். நல்ல சார்ஜரிலும் திரை குதித்தால் அப்புறம் எழுதுங்கள்.

கேள்வி: மகளிர் குழுவில் கடன் எடுத்து மகளின் படிப்புக்காக 14,000 ரூபாய்க்குப் புதுப் போன் வாங்கினேன். பத்தே நாளில் அரை நாள்கூட சார்ஜ் நிற்கவில்லை. சர்வீஸ் சென்டரில் இந்தப் போன் ஏழு மாதம் முன்பே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது, வாரண்டி பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்கிறார்கள். கடையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் போட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். என் பேரில்தான் தப்பா?
– தேனி மாவட்ட வாசகி

பதில்: இல்லவே இல்லை அம்மா. ஒட்டிய பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்கவில்லை என்று உங்களை யாராவது திட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே; பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. அந்த அச்சடித்த வரி உங்கள் உரிமையைப் பறிக்காது.

இந்த வரிசையில் செய்யுங்கள். சர்வீஸ் சென்டரில் வாய்ப்பேச்சு வேண்டாம். வாரண்டி தொடங்கிய தேதியையும் பேட்டரி நிலையையும் ஜாப் ஷீட்டில், அதாவது போனை வாங்கிக்கொண்டு அவர்கள் தரும் சீட்டில், எழுதி வாங்குங்கள். பில், பெட்டி, பெட்டியில் ஒட்டிய ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். கடைக்காரருக்கு ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்டில்: வேறு போன் அல்லது முழுப் பணம், 15 நாளில். பிறகு 1915-க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். நிறைய கடைகள் இங்கேயே இறங்கி வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, உங்கள் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தும் பதிவு செய்யலாம், மகள் உதவுவாள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

மற்றவர்களுக்கு: கடையிலேயே போனை ஆன் செய்து *#06# அழுத்துங்கள். வரும் ஐஎம்இஐ எண் பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு பொருந்துகிறதா பாருங்கள். கம்பெனியின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரண்டி நிலையைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பத்து நிமிஷ வேலை. கடைக்காரர் முகம் சுளித்தால் பக்கத்துக் கடை இருக்கிறது.

கேள்வி: போன் வாங்கி மூன்று வருடம். பின்பக்கம் உப்பி மூடி லேசாகத் திறந்திருக்கிறது. ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது. செட்டிங்ஸில் எதை மாற்ற வேண்டும்?
– விழுப்புரம் வாசகர்

பதில்: கடைசியாக வந்த கடிதம் இது. முதலில் தபாலில் பதில் போட்டது இதற்குத்தான். மாற்ற வேண்டியது செட்டிங்ஸ் இல்லை, பேட்டரி. உள்ளே வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. அணைத்துவிடுங்கள். மறுபடி சார்ஜில் போடாதீர்கள், குத்தாதீர்கள், அமுக்காதீர்கள். படுக்கை, துணி, காகிதம் பக்கத்தில் இல்லாமல் தரையிலோ கல் மேலோ வைத்து, அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போட வேண்டாம், அங்கேயே கொடுத்துவிடுங்கள். அந்த ரப்பர் பேண்டை இப்போதே கழற்றுங்கள்.