கணினி கேள்வி–பதில்: லாரி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை அணைவது ஏன்?

கேள்வி: என் அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி வந்ததிலிருந்து வெளியே அதிகம் போவதில்லை. போன தீபாவளிக்கு அவருக்கு ஒரு கம்ப்யூட்டரும் கேம் கன்ட்ரோலரும் வாங்கிக் கொடுத்தேன். லாரி ஓட்டும் கேம் ஒன்றில் தினமும் சாயங்காலம் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஆனால் ஓட்டிக்கொண்டே இருக்கும்போது பத்து நிமிடத்தில் திரை கறுப்பாகிவிடுகிறது. மவுஸைத் தேடி அசைப்பதற்குள் வண்டி எதிலாவது போய் மோதிவிடுகிறது. கம்ப்யூட்டர் பழுதா, கன்ட்ரோலர் பழுதா? அவர் நாகர்கோவிலில் இருக்கிறார், நான் ஓசூரில். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடாமல் அவரே சமாளிக்கிற மாதிரி வழி சொல்லுங்கள். விண்டோஸ் 11தான்.
– ஒரு மகள், ஓசூர்

பதில்: இரண்டுமே பழுதில்லை. அப்பாவிடம் அதை முதலில் சொல்லிவிடுங்கள். தான் எதையோ தவறாக அழுத்திவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

கம்ப்யூட்டர் முன்னால் ஆள் இருக்கிறாரா என்பதை விண்டோஸ் ஒரே ஒரு கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறது: கீபோர்டோ, மவுஸோ, தொடுதிரையோ கடைசியாக எப்போது அசைந்தது? அந்த நேரத்திலிருந்து பத்து நிமிடம் ஓடிவிட்டால் ‘யாரும் இல்லை’ என்று திரையை அணைத்துவிடும். திரையில் படம் ஓடுகிறதா, வண்டி போகிறதா என்பதையெல்லாம் அது பார்ப்பதே இல்லை. முன்வாசலில் வருபவர்களை மட்டும் நோட்டில் எழுதும் வாட்ச்மேனுக்குப் பின்வாசலில் நடக்கும் கல்யாணம் தெரியாது, அது மாதிரி.

கன்ட்ரோலர் பின்வாசல் வழியாக வருகிறது. அப்பா வலது ட்ரிக்கரை அழுத்தி ஆக்ஸிலேட்டர் கொடுக்கிறார் இல்லையா, அந்த அழுத்தம் விண்டோஸ் தானாக வந்து எடுத்துக்கொள்ளும் செய்தியாகப் போவதில்லை. கேம்தான் ஒரு நொடிக்குள் பல முறை கன்ட்ரோலரின் நிலையைக் கேட்டு வாங்குகிறது: எந்தப் பட்டன் அமுங்கியிருக்கிறது, ட்ரிக்கர் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது, குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? இந்தக் கேள்வி–பதில் முழுவதும் கேமுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில் முடிந்துவிடுகிறது. ‘கடைசி அசைவு’ நேரம் அதில் மாறுவதே இல்லை. நாளைக்கு அப்பா ஆசைப்பட்டு ஸ்டியரிங் வீலும் பெடலும் வாங்கினாலும் இதே கதைதான்.

அப்படியானால் எல்லா கேமிலும் திரை அணைய வேண்டுமே என்று கேட்பீர்கள். அணைவதில்லை. ‘நான் ஓடும்வரை திரையை அணைக்காதே’ என்று ஒரு புரோகிராம் விண்டோஸிடம் சொல்லி வைக்க வழி இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறது. வீடியோ பிளேயர்கள் அதைத்தான் செய்கின்றன, அதனால்தான் மூன்று மணி நேரப் படம் இடையில் அணைவதில்லை. நிறைய கேம்களுக்கு அடித்தளமாக இருக்கும் எஸ்டிஎல் என்ற மென்பொருள் தொகுப்பு, 2.0.2 பதிப்பிலிருந்து இதைத் தானாகவே செய்கிறது. உங்கள் அப்பாவின் கேமில் அந்த ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

இதில் எனக்கு ஆதங்கம் உண்டு. சென்னையில் கேம் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தபோது எங்கள் பட்டியலில் இது கட்டாயம் இருக்கும். திரை அணையும் நேரத்தை ஒரு நிமிடம் என்று வைப்போம். மவுஸைத் தூக்கி வேறு மேசையில் வைத்துவிடுவோம், ஏனென்றால் கன்ட்ரோலரின் அதிர்வு மேசையில் பட்டு மவுஸ் ஒரு நூல் நகர்ந்தால்கூட சோதனை கெட்டுவிடும். அப்புறம் கன்ட்ரோலரில் மட்டும் ஆடுவோம். திரை அணைந்தால் அது கேமின் குறை என்று எழுதிக் கொடுப்போம். கீபோர்டு மேல் விரல் வைக்க முடியாதவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் ஆட முடிகிறவர்கள் என்று கன்ட்ரோலரையே நம்பி இருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு இது சின்னக் குறை இல்லை. கேமை வெளியிட்டவர்களுக்கு நீங்கள் நாலு வரி எழுதிப் போடுங்கள். இப்படி வரும் கடிதங்களைப் படித்துத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, அப்பாவுக்கு வழி. அவர் தினமும் எதையும் தட்டி ஆன் செய்யத் தேவையில்லாததாக இருக்க வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போனால் ஸ்க்ரீன், ஸ்லீப் இரண்டுக்கும் நேரம் கேட்கும் இடம் வரும். திரை அணையும் நேரத்தை இரண்டு மணி நேரம் என்று மாற்றுங்கள். ஸ்லீப்பை மூன்று மணி நேரம் ஆக்குங்கள். இதை மறக்காதீர்கள், திரையை மட்டும் மாற்றிவிட்டு ஸ்லீப்பை அரை மணியில் விட்டால், அடுத்த வாரம் ‘கம்ப்யூட்டரே தூங்கிவிடுகிறது’ என்று போன் வரும். லோடு இறக்கும் இடத்தில் எப்படியும் மவுஸைத் தொடுவார், அப்போது கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் இரண்டு மணி நேரம் தாராளம்.

‘ஒருபோதும் அணையாதே’ என்று வைத்துவிடலாமே என்றால், வேண்டாம் என்பேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய் அப்படியே படுத்துவிட்டால் இரவு முழுக்கத் திரை எரியும். ஆடி முடித்ததும் விண்டோஸ் சாவியையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். பூட்டுத் திரை வரும். அங்கே கணக்கு வேறு, பொதுவாக ஒரு நிமிடத்தில் திரை அணைந்துவிடும். அதுவும் நினைவில் நிற்காது என்றால் மானிட்டரின் பட்டனை அழுத்தினாலே போதும்.

ஒன்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: திரை முழுக் கறுப்பாகிறதா, அல்லது ஏதாவது கோலமோ படமோ ஓடுகிறதா? படம் ஓடினால் அது ஸ்க்ரீன்சேவர். அதற்கு நேரக் கணக்கு தனியாக இருக்கிறது. தேடும் இடத்தில் ஸ்க்ரீன்சேவர் என்று தட்டி, வரும் பெட்டியில் ‘நன்’ (None, அதாவது எதுவும் வேண்டாம்) என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

தினமும் ஒரு தட்டு தட்டுவதில் சிரமம் இல்லாத மற்ற வாசகர்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற இலவசத் தொகுப்பைச் சொல்வேன். அதில் அவேக் என்று ஒன்று இருக்கிறது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் காப்பிக் கோப்பை மாதிரி ஒரு சின்னம் உட்காரும். அதைத் தட்டி அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று நேரம் கொடுக்கலாம். ‘கீப் ஸ்க்ரீன் ஆன்’ என்பதிலும் டிக் போட வேண்டும். போடாவிட்டால் கம்ப்யூட்டர் மட்டும் விழித்திருக்கும், திரை வழக்கம்போல அணையும். நேரம் முடிந்ததும் பழைய கணக்கு தானாகத் திரும்பிவிடும் என்பதால் எனக்கு இதுதான் பிடித்த வழி.

மவுஸைத் தானாக ஆட்டும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. வாங்காதீர்கள். லாரி கேமில் மவுஸ் அசைந்தால் டிரைவரின் பார்வை திரும்பும். நேர் ரோட்டில் போகும்போது அப்பாவின் கண் திடீரென்று ஜன்னல் பக்கம் போய்விடும்.

கேள்வி: எனக்கும் இதே பிரச்னை, ஆனால் விண்டோஸ் இல்லை, உபுண்டு லினக்ஸ். கன்ட்ரோலரில் ஆடும்போது ஐந்து நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்கிறது. கேம் எல்லாம் ஸ்டீமில்தான்.
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: காரணம் அங்கேயும் அதேதான், கன்ட்ரோலரை டெஸ்க்டாப் கணக்கில் எடுப்பதில்லை. உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. உபுண்டுவில் வழக்கமாக வரும் க்னோம் டெஸ்க்டாப்புக்குக் காஃபீன் என்று ஒரு நீட்சி உண்டு. முழுத்திரையில் எது ஓடினாலும் தானாக விழித்திருக்கும்படி அதில் வைத்துக்கொள்ளலாம். ஃபெரல் இன்டராக்டிவ் நிறுவனம் வெளியிட்ட கேம்மோட் இன்னொன்று. அதன் வழியாக கேமைத் தொடங்கினால் வேகத்துக்கான மாற்றங்களோடு திரை பூட்டுவதையும் தடுத்து வைக்கும், கேமை மூடியதும் விட்டுவிடும். மூன்றாவது, ஜாய்ஸ்டிக்வேக். இது கன்ட்ரோலரையே கவனித்துக்கொண்டிருந்து, பட்டன் அமுங்கினால் ‘ஆள் இருக்கிறார்’ என்று டெஸ்க்டாப்புக்குச் சொல்கிறது. நீங்கள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தால் அதுவும் பேசாமல் இருந்துவிடும், திரை முறைப்படி அணையும். எல்லா சிஸ்டமும் பிறவியிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது. முதலில் இதையே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரை ஓஎல்இடி டிவியில் இணைத்து ஆடுகிறேன். திரை அணைவதை நிறுத்திவிட்டால் டிவிக்குக் கெடுதலா?
– வாசகர், சென்னை

பதில்: ஆம், எல்சிடியைவிட ஓஎல்இடியில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி தருகிறது, எரிய எரியத் தேய்கிறது. கேமில் மூலையில் அசையாமல் நிற்கும் வரைபடம், வேகம் காட்டும் எண் இவை இருக்கும் இடம் மட்டும் மற்ற இடங்களிலிருந்து வேறுபட்டுத் தேய்ந்து, பிறகு நிரந்தரமாக நிழல் தட்டலாம். பழைய குழாய் மானிட்டர்களிலும் இதே தொல்லை இருந்தது. ஸ்க்ரீன்சேவர் பிறந்ததே அதற்காகத்தான். மேலே சொன்ன அவேக்கில் ஒரு மணி நேரம் மட்டும் கொடுங்கள். பாஸ் செய்துவிட்டு எழுந்து போவதாக இருந்தால் டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: மேக்கில் எப்படி?
– வாசகி, திருச்சி

பதில்: டெர்மினலைத் திறந்து காஃபினேட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் சின்ன டி எழுத்தும் சேர்த்து (caffeinate -d) என்டர் அழுத்துங்கள். அந்த ஜன்னல் திறந்திருக்கும்வரை திரை அணையாது. ஆடி முடித்ததும் அதே ஜன்னலில் கன்ட்ரோல் சாவியோடு சி எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள்.