கூஸ் வாத்துக் கொட்டகையின் தார்ப்பாயை முதலில் கழற்றுங்கள்

தேன்கனிக்கோட்டை பக்கம் தோட்டக் காவலுக்காகக் கூஸ் வாத்து வளர்க்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பெரிய வாத்து ஐந்து, ஒரு வாரக் குஞ்சு நான்கு இருக்கின்றன. மார்கழிக் குளிருக்குப் பயந்து கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, ராத்திரி முழுக்க பல்பு போட்டு வைக்கிறேன். அப்படியும் காலையில் மூக்கில் நீர் வடிகிறது, நெஞ்சு இறகு ஈரமாக ஒட்டிக் கிடக்கிறது, ஒன்று வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. தை முடியும்வரை தொட்டியில் இறங்க விடாதே என்கிறார்கள். என்ன செய்வது?"

சரி, தார்ப்பாயிலிருந்தே ஆரம்பிக்கலாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். கூஸ் வாத்தின் எச்சத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அதுவும் ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கும். நான்கு பக்கமும் மூடினால் அந்த ஈரமும் மூச்சுக்காற்றின் ஈரமும் வெளியேற வழியில்லாமல் கூரையில் முத்துமுத்தாகக் கோத்து, விடியற்காலையில் பறவைகள் மேலேயே சொட்டும். கூடவே எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பி கண்ணையும் மூக்கையும் அரிக்கும். நாளைக் காலையில் கதவைத் திறந்ததும் உள்ளே போய் வாத்தின் தலை உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அவை ராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசித்திருக்கின்றன.

குளிரைப் பற்றி அவ்வளவு பயப்படத் தேவையில்லை. உங்கள் வாத்துகளுக்கு அலகுக்கு மேலே புடைப்பு இருக்கிறதா? இருந்தால் அவற்றின் பூர்வீகம் மங்கோலியா, வட சீனா பக்கத்துக் காட்டு வாத்து. புடைப்பு இல்லாதவை பெரும்பாலும் ஐரோப்பியச் சாம்பல் வாத்தின் வழி வந்தவை. இதே குடும்பத்தைச் சேர்ந்த வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி நம் திருநெல்வேலி கூந்தன்குளத்துக்கு வருகிறதே, அதற்கு நம் குளிர்காலம்தான் வெயில் காயும் காலம். ஓசூர், தளி பக்கம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம் என்பதால் தர்மபுரியைவிடக் குளிர் கூடுதல்தான், ஆனால் பனிக்கட்டி உறையும் ஊர் இல்லை. வெளி இறகுக்கு அடியில் அடர்த்தியான பஞ்சு இறகு இருக்கிறது. காலுக்கு இறங்கும் சூடான ரத்தம், மேலே ஏறும் குளிர்ந்த ரத்தத்தைப் பக்கத்திலேயே ஓடிச் சூடாக்கிவிடுவதால் வெறுங்காலில் நின்றாலும் உடம்புச் சூடு வீணாகாது. இதெல்லாம் இறகு காய்ந்திருக்கும்வரைதான். நனைந்து ஒட்டிய இறகோடு ஊதக்காற்றில் நின்றால் எந்த வாத்தும் தாங்காது.

ஆகவே கொட்டகையில் வடக்கு, கிழக்குப் பக்கங்களை மட்டும் தரையிலிருந்து இரண்டரை மூன்று அடி வரை அடையுங்கள், வாடைக்காற்று அங்கிருந்துதான் அடிக்கும். அதற்கு மேல் கம்பிவலை போதும், கூரைக்குக் கீழே ஒரு அடி எப்போதும் திறந்தே இருக்கட்டும். கிழக்குப் படுதாவைக் காலையில் சுருட்டிவிட்டால் வெயில் தரை வரை விழும். தரையை வெளி மண்ணைவிட அரையடி உயர்த்தி, ராகித் தாளோ நெல் உமியோ கடலைத் தோலோ அரையடிக்குப் பரப்புங்கள், ஒரு வாத்துக்குப் பத்து சதுர அடி கணக்கு. அடியில் உள்ளதை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கிறது என்றால் ஈரம் அதிகம், அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மழையில் நனைந்து பூசணம் பிடித்த தாளைப் 'படுக்கத்தானே' என்று போட்டுவிடாதீர்கள். அந்தப் பூசண வித்துகள் நுரையீரலில் வளர்ந்தால் மருந்துக்குக் கட்டுப்படுவது கடினம். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதே ஒன்று, எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது, அதைத் தனியாக வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொட்டி விஷயத்தில் ஊரார் சொல்வதைக் கேட்க வேண்டாம். குளித்து, வாலடிச் சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்துக் கோதினால்தான் இறகு நீர் ஒட்டாமல் இருக்கும். குளிக்காத வாத்தின் நெஞ்சு இறகில் அழுக்கேறி நீரை உறிஞ்ச ஆரம்பித்துவிடும், உங்களிடம் நடப்பது ஓரளவு அதுவும்தான். வெயில் ஏறியதும் இறங்க விடுங்கள், மூன்று மணிக்கு மேல் வேண்டாம், காய்ந்த பிறகே அடையுங்கள். குடிநீர்ப் பாத்திரம் தலை முழுக்க முங்கும் ஆழத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் கண்ணும் மூக்கும் அடைத்துக்கொள்ளும். பெரியவற்றுக்குக் கொட்டகைக்குள் ராத்திரி தண்ணீரும் வேண்டாம் தீவனமும் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் தீவனம் மட்டும் வைத்தால் தொண்டையில் அடைக்கும்.

பெரியவற்றுக்குப் பல்பே தேவையில்லை. குஞ்சுகளுக்குத்தான் வேண்டும், அதுவும் எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது, இது நிறைய பேருக்குத் தோன்றுவதே இல்லை. பழைய 60 வாட் குண்டு பல்பை ஒரு ஓரமாக, தாளோ சாக்கோ படாத உயரத்தில் தொங்கவிடுங்கள். முதல் வாரம் அதன் கீழே 32 டிகிரி இருக்கலாம், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுகள் குவிந்து கத்தினால் குளிர், தூர ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம், தெர்மாமீட்டரைவிட அவற்றைப் பார்ப்பதுதான் எனக்கு நம்பிக்கை. தாய் அணைத்து வைத்திருந்தால் இதில் பாதி வேலை மிச்சம். தாயில்லாத குஞ்சை இறகு முளைக்கும்வரை தொட்டியிலோ பனிப் புல்லிலோ விடாதீர்கள்.

தீவனத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கம் கடலைப் புண்ணாக்கு சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் குளிர் மழைக்காலத்தில் அதிலும் மக்காச்சோளத்திலும் பூசணம் பிடித்தால் உருவாகும் அஃப்ளாடாக்சின் வாத்தினத்தைக் கோழியைவிடச் சீக்கிரம் அடிக்கும், ஈரல் போய்விடும். வெயிலில் உலர்த்தினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சந்தேகம் வந்தால் குப்பைக்குழிதான். மற்றபடி பகலில் புல் மேயட்டும், அடைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீர் பக்கத்தில் இருக்க ஒரு கைப்பிடி மக்காச்சோளமோ ராகியோ போட்டால் ராத்திரிச் சூட்டுக்கு ஆகும். முட்டைகோஸ் இலை தாராளமாகக் கொடுக்கலாம், மருந்தடித்த தோட்டத்து இலை மட்டும் வேண்டாம். குஞ்சுகளுக்கு நியாசின் என்ற வைட்டமின் தேவை கோழிக்குஞ்சைவிட அதிகம், குறைந்தால் கால் வளையும், அதன் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும் ஏரிக்கு இவற்றை ஓட்டிப் போகாதீர்கள். கேரளத்தில் 2014 நவம்பரில் ஆலப்புழை வாத்துகளை அடித்த பறவைக்காய்ச்சல் இந்தப் பருவத்து நோய்தான். திடீரென்று இரண்டு மூன்று ஒன்றாகச் செத்தால் அறுக்கவோ விற்கவோ கூடாது, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் வேறு சாவு இல்லாமல் ஒன்று மட்டும் செத்தால், மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி மற்றவற்றுக்கு ஊற்றுவதைவிட, செத்ததைப் பாலித்தீன் பையில் கட்டி மருத்துவர் சொல்லும் இடத்துக்கு எடுத்துப் போய்ப் பிரேதப் பரிசோதனை செய்து பாருங்கள். ஓசூர் மத்திகிரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரியே இருக்கிறது, உங்களுக்கு அது தூரமும் இல்லை.