கையில் கொடுத்ததும் கண்ணில் காட்டியதும்

அன்புள்ள அக்கா,

ரங்கூன் இன்செயினில் இருந்து எழுதுகிறேன். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து போனுக்கு ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறோம். ரங்கூன் வட்ட ரயிலில் ஒரு பையன் தொலைந்துபோன தங்கையைத் தேடுகிறான், அதுதான் கதை. முதல் மூன்று ஸ்டேஷன்களை மட்டும் டெமோவாக வெளியிடலாம் என்று நினைக்கிறோம். ஆனால் டெமோவில் வருகிற பழக்காரப் பாட்டியை முழு கேமில் எடுத்துவிட வேண்டியிருக்கும். இதில் இருந்தது அதில் இல்லையென்றால் ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டுவார்களே என்று பயமாக இருக்கிறது. பெரிய கம்பெனிகளே அப்படித்தான் ஏமாற்றுகின்றன. மெட்டல் கியர் சாலிட் 2 என்ற கேமின் டெமோவில் நாயகன் ஸ்னேக்கைக் காட்டிவிட்டு முழு கேமில் வேறு ஆளைத் தலையில் கட்டினார்கள். சைபர்பங்க் கேமில் நடந்தது உங்களுக்கே தெரியும். டெமோவையும் ரிலீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வீடியோக்களைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வருகிறது. டெமோவில் இருக்கும் எல்லாம் ரிலீஸில் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தால் என்ன? நாங்கள் டெமோ வெளியிடலாமா, வேண்டாமா? இன்னொன்று, கேம்களைப் பற்றித் தமிழில் எழுத ஆசை. யாராவது படிப்பார்களா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எழுது. படிக்க ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டாய். சட்டம் பற்றிச் சொன்னதைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன். அப்படி ஒன்று வந்தால் மறுநாளே எல்லாக் கம்பெனிகளும் டெமோ கொடுப்பதை நிறுத்திவிடும்.

ஆனால் மெட்டல் கியரைப் பற்றி எழுதினாய் பார், அதைச் சும்மா விட முடியாது. கொஞ்ச நாளாகவே இந்த விஷயம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. சரியான நேரத்தில் வந்து மாட்டினாய்.

நீ அந்த டெமோவை விளையாடியதில்லை. விளையாடியிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டாய். 2001 மார்ச்சில் ஸோன் ஆஃப் தி எண்டர்ஸ் கேமோடு சேர்த்துக் கொடுத்த டெமோ அது. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் கொட்டுகிற மழை, கீழே ஹட்சன் ஆற்றில் போகிற டேங்கர் கப்பல், அதில் குதிக்கிற ஸ்னேக். அதே ஆண்டு நவம்பரில் முழு கேம் வந்தது. அந்த மழையும் கப்பலும் ஸ்னேக்கும் அதில் இருந்தார்கள். கப்பல் கதை முடிந்த பிறகுதான் ராய்டன் என்ற புதுப் பையன் வருகிறான், மிச்ச ஆட்டம் அவன் கையில். டெமோ தன் பங்குக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. பொய் சொன்னவை ட்ரெய்லர்கள். கேமில் ராய்டன் நிற்கிற இடத்தில் ட்ரெய்லரில் ஸ்னேக்கை நிறுத்திக் காட்டினார்கள். கேமை உருவாக்கிய கோஜிமா தெரிந்தே செய்த வேலை. அதைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, இன்றுவரை மன்னிக்காதவர்களும் உண்டு. எப்படியானாலும், திட்டுவதென்றால் சரியான ஆளைத் திட்ட வேண்டாமா?

நான் சொல்ல வருவது இதுதான். கையில் கொடுக்கிற டெமோ வேறு, கண்ணில் காட்டுகிற டெமோ வேறு. முதலாவதில் கண்ட்ரோலர் உன்னிடம் இருக்கிறது. சுவரில் முட்டிப் பார்க்கலாம், போகக்கூடாத பக்கம் போகலாம், வேண்டுமென்றே செத்துப் பார்க்கலாம். பொய் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அகப்பட்டுவிடும். இரண்டாவதில் கண்ட்ரோலர் கம்பெனிக்காரனிடம் இருக்கிறது. கேமரா எங்கே திரும்பும், எந்தக் கதவு திறக்கும், எப்போது குண்டு வெடிக்கும் எல்லாம் ஒத்திகை பார்த்து வைத்தது. நீ பார்க்காத பக்கம் ஒன்றுமே கட்டப்பட்டிருக்காது.

ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ் என்ற கேம் விஷயத்தில் நடந்தது இதுதான். 2011லும் 2012லும் இருட்டும் புகையுமாக அழகாக ஒரு டெமோவைக் காட்டினார்கள். 2013 பிப்ரவரியில் வந்த கேமில் அந்த ஒளியும் இல்லை, அந்தக் காட்சிகளில் பலவும் இல்லை. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்துக்குப் புகார் போனபோது, ட்ரெய்லர்கள் டெமோவிலிருந்து எடுத்தவை, முடிந்த கேமைச் சரியாகக் காட்டவில்லை என்று கேமை வெளியிட்ட சேகா ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். (அந்த கேமில் ஏலியன்கள் புத்தியில்லாமல் ஓடியதற்கு ஒரு கோப்பில் ஒரே ஓர் எழுத்து கூடிப்போனதும் காரணம் என்று 2018ல் பரவலாகத் தெரியவந்தது. அது பிழை. பிழையை நான் மன்னிப்பேன், ஒத்திகையை மன்னிக்க மாட்டேன்.)

வாட்ச் டாக்ஸ் கேமை 2012 ஜூனில் காட்டியபோது சோனியின் புது கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 4 அறிவிக்கப்படவே இல்லை. வலுவான கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார்கள். 2014 மே மாதம் வந்த கேம் பிளேஸ்டேஷன் 3லும் ஓட வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியின் மொத்த நினைவகம் 512 எம்.பி. இன்று உன் போனில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஒரு தெருவை மட்டும் ஓட்டிக் காட்டுவதும் ஒரு நகரம் முழுவதையும் எல்லார் வீட்டுப் பெட்டியிலும் ஓட்டுவதும் ஒன்றாகுமா? குறைந்துதான் ஆக வேண்டும். குறைந்ததற்காக நான் கோபப்படவில்லை. குறையும் என்று தெரிந்தே மேடையில் பெருமையடித்ததற்காகக் கோபப்படுகிறேன். சைபர்பங்கும் அப்படித்தான். 2018ல் காட்டிய 48 நிமிட வீடியோவில் சுவரில் தொற்றி ஏறினார்கள். 2020 டிசம்பர் 10ல் வந்த கேமில் அது இல்லை. எட்டே நாளில் சோனி தன் கடையிலிருந்து கேமையே தூக்கியது. அந்த வீடியோவை நீ விளையாடினாயா? நான் விளையாடினேனா? ஒருவரும் விளையாடவில்லை. அவன் விளையாடியதை நாம் வேடிக்கை பார்த்தோம்.

உன் ஒப்பீட்டு வீடியோவும் அதே வேடிக்கைதான், தம்பி. இடது பக்கம் ஒருவன் விளையாடியது, வலது பக்கம் இன்னொருவன் விளையாடியது, நடுவில் உன் கோபம். மெட்டல் கியரைத் தவறாகப் புரிந்துகொண்டது அதனால்தான். கேம் செய்கிறவன் நீ. கையால் தொடாத ஒன்றைப் பற்றிக் கோபப்படும் பழக்கத்தை விடு.

நான் ஏன் கையில் கொடுத்த டெமோவுக்காக இவ்வளவு வக்காலத்து வாங்குகிறேன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில், ரங்கூன் தாமுவேயில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஜப்பான் பிளேஸ்டேஷன் வந்தது. கப்பலில் வேலை பார்த்த மாமா யோக்கோஹாமாவில் பழைய சாமான் கடையில் வாங்கியது. பெட்டி 100 வோல்ட், நம் வீட்டு மின்சாரம் 230. அதற்காக ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் கொண்டுவந்தார். செங்கல் அளவு இரும்புக் கட்டி. மரப்பலகை மேல் வைத்திருப்போம், போட்ட கொஞ்ச நேரத்தில் சுடும், உறுமும். தங்கச்சி அதன் மேல் படாமல் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்து, "இன்னும் விளையாடலாம்க்கா" என்பாள். ஜப்பானைப் போலவே நம் நாட்டு டிவியும் என்.டி.எஸ்.சி. என்ற ஒளிபரப்பு முறை என்பதால் படம் நிறத்தோடு வந்தது. முதலில் மெமரி கார்டு கிடையாது. கரண்ட் போனால் போனதுதான், வந்த பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கூட வந்த சிடி தட்டுகளில் டோபால் நம்பர் 1 என்ற சண்டை கேம் இருந்தது. 1996 ஆகஸ்டில் ஜப்பானில் அதை வெளியிட்டபோது ஸ்கொயர் நிறுவனம் ஒரு டெமோ தட்டையும் சேர்த்துக் கொடுத்தது. அதில் ஃபைனல் ஃபேன்டஸி 7 கேமின் டெமோ இருந்தது. எங்களுக்கு அது டெமோ என்றே தெரியாது. எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. ஒரு பெரிய ஆலைக்குள் புகுந்து போக வேண்டும், வழியெல்லாம் சண்டை. சண்டைக்கு நிற்கிற மூவரில் பெரிய வாள் வைத்த கிளௌட், கையே துப்பாக்கியான பாரெட், அப்புறம் ரோஸ் நிறக் கவுன் போட்டுக் கோல் வைத்திருந்த ஒரு பெண். தங்கச்சி அவளுக்கு ரோஸ் அக்கா என்று பெயர் வைத்துவிட்டாள். அடி பட்டால் முதலில் அவளுக்குத்தான் மருந்து. மற்ற இருவரும் சாகக் கிடந்தாலும் சரி.

பிறகு முழு கேம் வந்தது. ஆங்கிலப் பதிப்பின் நகல், மூன்று தட்டு. பெட்டிக்குள் சிப் வைத்தால்தான் ஓடும் என்றார்கள், வைத்தோம். அதே ஆலை, அதே இசை. ரோஸ் அக்கா இல்லை. தங்கச்சி நகல் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாள். அவருக்கு என்ன தெரியும், பாவம். ஆலையை முடித்துவிட்டுத் தெருவுக்கு வந்தால், அங்கே கூடையோடு பூ விற்றுக்கொண்டு அவள் நிற்கிறாள். முதல் தடவை பார்க்கிறவள் மாதிரி கிளௌடிடம் பேசுகிறாள். தங்கச்சிக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நாங்க எத்தனை சண்டை சேர்ந்து போட்டிருக்கோம், என்னைத் தெரியாதாமா?" என்று டிவியிடம் கேட்டாள்.

முதல் தட்டு முடியும் இடத்தில் ரோஸ் அக்கா, அதாவது ஏரித், சாகிறாள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். உலகமே அழுத காட்சி. தங்கச்சி அழவில்லை. எழுந்து அந்தத் தட்டை எடுத்தாள், டெமோ தட்டைப் போட்டாள். அதில் ரோஸ் அக்கா உயிரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த டெமோ எங்களை ஏமாற்றியதா? சொல். ரிலீஸில் இல்லாத ஒன்றைத்தான் அது கொடுத்தது. உன் சட்டப்படி அது குற்றம். அதைக் கொடுத்தவர்கள் அன்றைக்குச் செய்து முடித்திருந்ததைக் கொடுத்தார்கள். முழு கேமில் அவள் சண்டைக்கு வருவது அப்புறம்தான். 1997 ஜனவரியில் ஜப்பானில் வந்த கேமில் அவளை ஆலைச் சண்டையில் சேர்க்காமல் விட்டது சரியான முடிவு. அந்தப் பூக்கூடைக் காட்சி இல்லாமல் அந்தக் கதையை இன்று நினைத்தே பார்க்க முடியாது. மாற்றியதும் சரி, மாற்றுவதற்கு முன் இருந்ததை எங்கள் கையில் கொடுத்ததும் சரி.

உ.வே. சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டபோது ஒரு பாடத்தை மூலத்தில் வைத்தார், ஆனால் மற்றச் சுவடிகளில் இருந்ததைக் குப்பையில் போடவில்லை. பிரதிபேதம் என்று அடியில் குறித்து வைத்தார். நமக்கு இது புதிதில்லை. டெமோவையும் அப்படி வைத்துக்கொள்ளத்தான் நான் சொல்கிறேன். 1997 நவம்பரில் நிண்டெண்டோவின் ஸ்பேஸ் வேர்ல்ட் கண்காட்சியில் போக்கிமான் கோல்ட் என்ற கேமை விளையாடக் கொடுத்தார்கள். அந்த டெமோ 2018ல்தான் வெளியே கசிந்தது. 1999ல் வந்த கேமில் இல்லாத எத்தனையோ பிராணிகள் அதில் இருந்தன. தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கிற மூன்றில் ஒரு நெருப்புக் கரடி இருந்தது. வரைபடமே ஜப்பான் முழுவதும் விரிந்திருந்தது. அதைப் பார்த்து யாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தவில்லை. இப்படியும் நினைத்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு பிராணியாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஹாஃப் லைஃப் கேமுக்கு 1999 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் கொடுத்த அப்லிங்க் டெமோவில் இருந்த கட்டங்கள் அன்றைய முழு கேமில் இருந்ததே இல்லை. அதை யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல் எங்கே என்றால், கையில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவதில். 2014 ஆகஸ்டில் பி.டி. என்ற டெமோ வந்தது. ஒரே நடைபாதை, திரும்பத் திரும்ப அதையே நடக்க வேண்டும், நடக்க நடக்கப் பயம் ஏறும். சைலண்ட் ஹில்ஸ் என்ற கேமுக்கான முன்னோட்டம். அந்த கேம் 2015ல் கைவிடப்பட்டது. அதோடு நிற்காமல் டெமோவையும் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒப்பிட ரிலீஸே இல்லாத டெமோ அது. இதற்கு உன் ஒப்பீட்டு வீடியோவில் வலது பக்கம் என்ன வைப்பாய்?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். டெமோ வெளியிடு. வீடியோவாக வேண்டாம், நிறுவி விளையாடுகிற கோப்பாக. முதல் திரையில் தேதியும் பதிப்பு எண்ணும் போடு, இது முடிந்த வேலை இல்லை என்று பெரிய எழுத்தில் தமிழிலும் பர்மியத்திலும் எழுது. மூலையில் பொடி எழுத்தில் போட்டுத் தப்பித்துக்கொள்ளாதே. பாட்டியை ஏன் எடுக்கிறீர்கள் என்று நீ எழுதவே இல்லை. கதைக்கு ஒட்டவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். வரைய நேரமில்லை என்பதால் என்றால் எடுக்காதீர்கள், இரண்டு ஸ்டேஷனைக் குறையுங்கள். வட்ட ரயிலில் 39 ஸ்டேஷன் இருக்கிறது, மூன்று பேர் உட்கார்ந்து அத்தனையும் வரைந்து முடிக்கப் போகிறீர்களா? முழு கேம் வந்த பிறகு டெமோவை அழித்துவிடாதே. இதை மட்டும் மறக்காதே. எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பெண்பிள்ளை அந்தப் பாட்டிக்கு ஒரு பெயர் வைத்திருப்பாள்.

கோப்பை எனக்கு அனுப்பு. என் போன் பழைய ஆண்ட்ராய்டு, பெரிய கோப்பு என்றால் ஏறாது. பகலில் இங்கே லைன் இருக்காது, இரவு பத்துக்கு மேல் அனுப்பினால் இறக்கிக்கொள்வேன். தங்கச்சியையும் விளையாடச் சொல்கிறேன். குறை சொல்வதில் அவளுக்கு ஈடு யாரும் கிடையாது, அதற்குத் தயாராக இரு.

அன்புடன்,
அக்கா