ராணுவக் குடும்பக் குழந்தைகளுக்கு எழுதும்போது எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும்?

முதலில் தவிர்க்க வேண்டியது "சீக்கிரம் வந்துவிடுவார்". 5 வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குச் 'சீக்கிரம்' என்றால் இன்று சாயங்காலம். திரும்பும் தேதியையும் எழுதாதீர்கள். பணிக்காலம் நீளலாம், நீண்டால் அந்தப் பிள்ளைக்கு அது பொய்யாகிவிடும். "வேலை முடிந்ததும் வருவார், நாள் தெரிந்ததும் அம்மா சொல்வாள்" என்பது போதும். அம்மாவே படையில் இருக்கலாம் என்பதால், பொதுவாக எழுதும்போது "அம்மா" என்பதற்குப் பதில் "வீட்டுப் பெரியவர்" என்று போடுங்கள்.

"நம்மை விட்டுப் போனார்" என்பதைவிட "வேலைக்காகப் போயிருக்கிறார்" நல்லது. முன்னதைப் படிக்கும் சிறுவன், தான் செய்த குறும்புதான் காரணமோ என்று நினைப்பான்.

மரணத்தைப் பற்றி எழுத நேர்ந்தால் "தூங்கிவிட்டார்", "தொலைதூரம் போய்விட்டார்" இரண்டும் வேண்டவே வேண்டாம். அதைப் படிக்கும் குழந்தை தூங்கவே பயப்படும், அல்லது வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். "இறந்துவிட்டார், அவர் உடல் இனி இயங்காது" என்று நேராக எழுதுங்கள். கடுமையாகத் தோன்றும், ஆனால் குழப்பாது.

"நீ குட்டி வீரன், அழக்கூடாது", "இனி வீட்டை நீதான் பார்த்துக்கணும்" போன்றவை பாராட்டாகத் தெரிந்தாலும் சுமைதான். கோபமும் அழுகையும் வரலாம் என்று கதாபாத்திரம் வழியாகக் காட்டுங்கள்.

அடிக்கடி இடம் மாறும் பிள்ளையிடம் "உன் ஊர் எது?" என்று கேட்காமல், "எந்தெந்த ஊர்களில் இருந்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். போஸ்டிங், குவார்ட்டர்ஸ், லீவு ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை; அவை அவர்கள் வீட்டுப் பேச்சு.